லேசர் அப்பறம் பாத்துக்கலாங்க ஐயா, மொதல்ல அந்த ஈர பெட்ஷீட் விஷயத்தை பேசுவோம்

ஏற்காட்டுல இருந்து ஒரு ஐயா எழுதியிருக்காரு. வயசு 68, காப்பி எஸ்டேட்ல ரைட்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு, நாலு பக்கம் லெட்டர், கணக்கு நோட்டு எழுதின கைங்கிறது பாத்தாலே தெரியுது, தேதி போட்டு மாத்திரை பேரெல்லாம் வரிசையா எழுதியிருக்காரு. பேரை விட்டுட்டு விஷயத்தை மட்டும் சுருக்கி சொல்றேன்.

மூணு வருஷமா ப்ராஸ்டேட் (மூத்திரப்பைக்கு கீழ, ஒண்ணுக்கு போற வழிய சுத்தி இருக்கற சுரப்பி) வீக்கத்துக்கு டாம்சுலோசின், டூட்டாஸ்டெரைட் ரெண்டும் சேந்த மாத்திரை சாப்புடறாரு. ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த ஸ்கேன்ல ப்ராஸ்டேட் 74 கிராம், ஒண்ணுக்கு போன பின்னாடியும் பையில மிச்சம் 110 மில்லி. 2021ல ஹார்ட்டுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு, ரத்தம் இளக்கற ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் ஓடுது. சுகர் பத்து வருஷமா. பிஎஸ்ஏ, அதான் ப்ராஸ்டேட்டுக்கு பாக்கற ரத்த டெஸ்ட், போன மாசம் பாத்ததுல 3.1, லேப்ல நார்மல்னு சொல்லிட்டாங்களாம். பக்கத்து எஸ்டேட்காரர் ஒருத்தர் லேசர் பண்ணிக்கிட்டு மறுநாளே மலையேறிட்டாருன்னு கேள்விப்பட்டு, 'கத்தி இல்ல, ரத்தம் இல்லங்கறாங்களே நெசமா, எனக்கும் பண்ணலாமா, செலவு எவ்வளவு, அந்த விஷயத்துக்கு ஏதும் பாதிப்பு வருமா, கண் புரை ஆபரேசன் வேற இருக்குது, எதை முன்னாடி பண்றது'ன்னு கேட்டிருக்காரு. இதெல்லாம் முடிஞ்சு கையெழுத்து போட்டதுக்கும் கீழ, ஓரமா பொடி எழுத்துல ரெண்டு வரி: 'ரெண்டு மாசமா நைட்டு தூக்கத்துல தெரியாம பெட்டு நனைஞ்சிருது. வீட்ல சொல்லலை, விடியறதுக்குள்ள நானே அலசி போட்டுடறேன். குளிருக்குத்தான் அப்படி ஆகுதுன்னு நினைக்கிறேன். சாப்பாடும் முன்ன மாதிரி இறங்கலை, கால் லேசா வீங்குது.'

ஐயா, வணக்கம். நீங்க கையெழுத்துக்கு கீழ எழுதுனீங்களே அந்த ரெண்டு வரி, அதுதான் லெட்டரோட மொத வரியா இருந்திருக்கணும். நாலு பக்கத்தையும் படிச்சிட்டு வந்தப்ப சரி லேசர் பத்தி விளக்கமா எழுதலாம்னு பேனாவ எடுத்தவன், அதை படிச்சதும் பேனாவ வெச்சிட்டேன். லேசர் நல்லதா கெட்டதா, எவ்வளவு செலவுங்கறதுக்கெல்லாம் பதில் இருக்கு, சொல்றேன், ஆனா அது அடுத்த மாசத்து பேச்சு. இந்த வாரத்து பேச்சு வேற.

வயசான ஆம்பளைக்கு புதுசா தூக்கத்துல பெட்டு நனைய ஆரம்பிச்சா அது குளிர் இல்லீங்க. மேட்டூர் டேம் உங்களுக்கு தெரியாததா, 120 அடி தொட்டுட்டா உபரி தண்ணி பதினாறு கண் மதகு வழியா வெளிய போகும். அந்த தண்ணிய பாத்துட்டு 'டேம் காலியாகுது'ன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? டேம் தளும்பி நிக்குதுன்னுதானே சொல்லுவோம். அதேதான் இங்க. ப்ராஸ்டேட் வழிய அடைச்சு அடைச்சு, மூத்திரப்பை முழுசா காலியாகாம ஒவ்வொரு நாளும் மிச்சம் சேந்து சேந்து, பை பெருத்து, உள்ள பிரஷர் ஏறி நிக்கும். பகல்ல முழிச்சிருக்கறப்ப வாசல் தசை இறுக்கி பிடிச்சிருக்கும். தூங்கினதும் அந்த பிடி தளரும், நிறைஞ்சது வழியும். நீங்க ஒண்ணுக்கு போறதா நினைக்கறது பாதி உபரி நீர்தான்.

இதுல மோசமான விஷயம் என்னன்னா வலிக்காது. திடீர்னு அடைச்சா 500 மில்லிக்கே மனுசன் துடிச்சு போயிடுவான், சுவத்துல முட்டிக்குவான். ஆனா மாசக்கணக்குல மெதுவா நிறைஞ்சா பை பழகிக்கும், ஒரு லிட்டர் ஒன்றரை லிட்டர் இருந்தாக்கூட 'எனக்கு ஒண்ணும் இல்லீங்களே'ன்னு உக்காந்திருப்பாங்க. அந்த பிரஷர் பின்னாடி ரெண்டு கிட்னிக்கும் ஏறும், கிட்னி வீங்கும், ரத்தத்துல கிரியேட்டினின், அதான் கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, ஏறும், அப்பறம் சாப்பாடு இறங்காது, கால் வீங்கும், உடம்பு அசதியா கிடக்கும். நீங்க குளிர், வயசுன்னு எழுதியிருக்கற எல்லாத்தையும் நான் இந்த கண்ணோடதான் பாக்கறேன். தப்பா இருந்தா நல்லதுதான், கிரியேட்டினின் நார்மலா வந்தா நானே சந்தோசப்படுவேன். ஆனா பாக்காம விட முடியாது.

உங்க மாதிரியே ஒரு பெரியவரு, தறிக்காரரு, அம்மாபேட்டை பக்கம், சில வருஷம் முன்னாடி என் ஓபிக்கு வந்தாரு. வந்தது எதுக்குன்னா பசி எடுக்கலைன்னு. வேற டாக்டர்கிட்ட கேஸ் மாத்திரை வாங்கி மூணு மாசம் சாப்ட்டு பாத்துட்டு, கடைசியா யாரோ இங்க அனுப்பியிருக்காங்க. படுக்க வெச்சு வயித்துல விரலை வெச்சு தட்டினேன். சாதாரணமா காத்து இருக்கற வயிறு டொம் டொம்னு கேக்கும், அவருக்கு தொப்புள் வரைக்கும் தண்ணி பானைய தட்டின மாதிரி மொத்தையா தப் தப்னு கேட்டுச்சு. 'ஒண்ணுக்கு வருதுங்களா'ன்னேன். 'அதெல்லாம் தாராளமா போகுதுங்க, நைட்டுலகூட தானா போயிருது'ன்னாரு, தானாங்கறதை சொல்லி முடிக்கறதுக்குள்ள தலைய குனிஞ்சிக்கிட்டாரு, பக்கத்துல நின்ன சம்சாரம் திரும்பி அவரை ஒரு பார்வை பாத்தாங்க, அப்பதான் அந்தம்மாவுக்கே தெரியுது. டியூப் போட்டதும் ஒரு லிட்டர் 600 மில்லி வந்துச்சு. கிரியேட்டினின் 6.8. டயாலிசிஸ் வரைக்கும் போயிருக்க வேண்டியது, டியூப் மட்டும் போட்டு வெச்சதுலயே பத்து நாள்ல 1.9க்கு இறங்கிருச்சு. லேசரும் இல்ல கத்தியும் இல்ல, ஒரு ரப்பர் டியூப்.

அதனால ஐயா, இந்த வாரமே, அடுத்த வாரம் இல்ல, கீழ இறங்கி வாங்க. எங்கிட்டதான் வரணும்னு இல்ல, சேலம் ஜிஹெச்ல யூராலஜி டிபார்ட்மெண்ட் இருக்கு, உங்க பழைய டாக்டர் இருக்காரு, யார்கிட்ட வேணா போங்க. ஆனா ரத்தத்துல கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், யூரின் டெஸ்ட்டும் கிருமி இருக்கான்னு பாக்கற கல்ச்சரும், வயித்து ஸ்கேன்ல கிட்னி வீங்கியிருக்கா பையில மிச்சம் எவ்வளவு, இவ்வளவும் ஒரே நாள்ல பாத்தாகணும். பையில நிறைய நின்னு கிட்னியும் வீங்கியிருந்தா டியூப் போட்டு ஓரிரு நாள் அட்மிஷன்ல வெச்சிருப்பாங்க, ஏன்னா அடைப்பு எடுத்ததும் சில பேருக்கு யூரின் வெள்ளமா கொட்டும், மணிக்கு 200 மில்லிக்கு மேலகூட போகும், அப்ப உப்பும் தண்ணியும் சரிபண்ண பக்கத்துல ஆள் வேணும். 'டியூப் போட்டுட்டாங்களே'ன்னு மனசு விட்டுறாதீங்க, அது தண்டனை இல்ல, கிட்னிக்கு லீவு. ரெண்டு மூணு வாரம் பேகோட இருக்க வேண்டி வரலாம், வேட்டிக்குள்ள கால்ல கட்டிக்கற சின்ன பேக் இருக்கு, யாருக்கும் தெரியாது.

அதுக்கிடையில ரெண்டு விஷயத்தை நிறுத்துங்க. மூட்டு வலிக்குன்னு தினமும் போடறதா எழுதியிருக்கீங்களே அந்த டைக்ளோஃபெனாக், அது கிட்னிக்கு ஆகாது. அப்பறம் அந்த நீர்முள்ளி கஷாயம். நாட்டு மருந்துன்னா எனக்கு ஆகாதுன்னு நினைக்காதீங்க, எங்க பாட்டி கை கஷாயம் குடிச்சு வளந்தவன்தான் நானும். ஆனா அது நீர் பெருக்கறதுக்குன்னு குடிக்கற சாமான். மதகு அடைச்சு கிடக்கறப்ப மேல மழைய வரவெச்சு என்ன பண்றது? இதேதான் 'தண்ணி நெறைய குடி, கழுவி விட்டுரும்'ங்கற உபதேசமும். தாகத்துக்கு குடிங்க, போதும்.

இன்னொண்ணு, மலைவாசிகளுக்குன்னே சொல்றேன், சளி மாத்திரை. மெடிக்கல்ல கேட்டு வாங்கற ஜலதோச மாத்திரையில பாதிக்கு மேல மூக்கடைப்பு எடுக்கற ஃபினைல்எஃப்ரின் மாதிரி மருந்தும் தூக்கம் வர்ற அலர்ஜி மருந்தும் கலந்திருக்கும். மொதல்து ப்ராஸ்டேட் வாசலை இறுக்கும், ரெண்டாவது பையோட தசைய சோம்பலாக்கும். மார்கழி தை மாசத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு இருவது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, ஒவ்வொரு வளைவுலயும் வயித்தை பிடிச்சிக்கிட்டு, கார் சீட்டுல நேரா உக்கார முடியாம முட்டி போட்டுக்கிட்டு வந்தவங்களை நான் பாத்திருக்கேன். கேட்டா 'சளி மாத்திரை ரெண்டு போட்டேங்க, அவ்வளவுதான்'பாங்க. ப்ராஸ்டேட் இருக்குன்னு மெடிக்கல்ல சொல்லி வாங்குங்க.

சரி, இப்ப லேசருக்கு வருவோம், நீங்க ஆசையா கேட்ட கேள்வி.

லேசர்ங்கறது ஒரு கருவி. அது ஒரு ஆபரேசனோட பேரு இல்ல, இதை புரிஞ்சிக்கிட்டீங்கன்னா பாதி குழப்பம் தீந்துரும். வயித்தை கிழிக்கறது இல்லதான், ஒண்ணுக்கு போற வழியாவே டெலஸ்கோப் விட்டு பண்றது, ஆனா அது லேசருக்கு மட்டும் உள்ள பெருமை இல்ல, பழைய கரண்ட் ஆபரேசனும், அதான் டர்ப்புன்னு சொல்றது, அதே வழியிலதான் பல பத்து வருஷமா நடக்குது. எல்லா டாக்டரும் இதுக்கு ஆரஞ்சு பழ உதாரணம் சொல்வாங்க, ஏற்காட்டுக்காரருக்கு ஆரஞ்சை பத்தி நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல, எனக்கென்னமோ தேங்காதான் சரியா படுது. டர்ப்புங்கறது மூடிய உள்ளருந்து துருவறது. கரண்ட் கம்பியில சீவி சீவி துருவலா எடுத்து கழுவி வெளிய விடுவோம், ஓடு வரைக்கும் துருவினோமா கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்குதாங்கறது பண்றவன் கையில இருக்கு. லேசர்ல ஒரு வகை, ஹோலெப்புன்னு சொல்றது, ஹோல்மியம் லேசர்ல பண்றது, அது ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவுல கத்திய விட்டு நெம்பி முழு பருப்பா பேத்து எடுக்கறது. பேத்ததை மூத்திரப்பைக்குள்ள தள்ளிட்டு, மார்சலேட்டர்னு ஒரு மெஷினை விட்டு அங்கயே அரைச்சு உறிஞ்சி எடுத்துடுவோம். மூணாவது வகை பச்சை லேசர், அது துருவவும் இல்ல நெம்பவும் இல்ல, அப்படியே ஆவியாக்கிரும்.

இந்த ஹோலெப்பை 1990கள்ல நியூசிலாந்துல பீட்டர் கில்லிங்னு ஒரு யூராலஜி டாக்டரும் அவர் டீமும் வளத்து எடுத்தாங்க. ஹோல்மியம் ஒளி கண்ணுக்கு தெரியாது, ஏறக்குறைய 2100 நானோமீட்டர், தண்ணி அதை சட்டுனு குடிச்சிரும், அதனால திசுவுக்குள்ள அரை மில்லிமீட்டர்கூட இறங்காது, பக்கத்துல இருக்கறதை சுடாது. பச்சை லேசர் 532 நானோமீட்டர், அதை தண்ணி விட்டுரும், ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் பிடிச்சிக்கும், அதனால ரத்த ஓட்டம் உள்ள திசு உடனே ஆவியாகும். தூலியம் ஃபைபர்னு இன்னொண்ணு இப்ப நல்லா பரவிட்டு வருது, 1940 நானோமீட்டர், அதுலயும் நெம்பி எடுக்கலாம். இதெல்லாம் உங்களுக்கு எதுக்குன்னா, போர்டுல 'லேசர்'னு போட்டிருந்தா எந்த லேசர், அதை வெச்சு என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறதுக்கு.

ஏன் கேக்கணும்னா உங்க பிஎஸ்ஏ. 3.1 நார்மல்னு லேப்ல சொன்னது டூட்டாஸ்டெரைட் சாப்புடாத ஆளுக்கு. அந்த மாத்திரை ஆறு மாசத்துக்கு மேல ஓடினா பிஎஸ்ஏவை ஏறக்குறைய பாதியாக்கி காட்டும், அதனால நாங்க ரெண்டால பெருக்கித்தான் படிப்போம். உங்களுது 6.2ன்னு வெச்சிக்கணும். பயந்துராதீங்க, 74 கிராம் ப்ராஸ்டேட்டுக்கு அந்த அளவு வீக்கத்தாலயே வரலாம், யூரின் இன்ஃபெக்சன் இருந்தாலும் அடைப்பு இருந்தாலும் ஏறும். ஆனா கேன்சர் இல்லைன்னு உறுதி பண்ணிக்காம ஆபரேசனுக்கு போகக்கூடாது. டியூப் போட்ட கையோட பிஎஸ்ஏ பாத்தா தப்பா ஏறி காட்டும், ஒரு ஆறு வாரம் விட்டு பாக்கணும், ஆசனவாய் வழியா விரல் விட்டு பாக்கற பரிசோதனை, தேவைப்பட்டா எம்ஆர்ஐ. ஹார்ட் ஸ்டென்ட் இருந்தா எம்ஆர்ஐ கூடாதுன்னு யாராச்சும் பயமுறுத்தினா ஸ்டென்ட் கார்டை எடுத்துட்டு போய் காட்டுங்க, எடுக்கலாம். இதனாலதான் உங்களுக்கு ஆவியாக்கற லேசர் எனக்கு அவ்வளவா பிடிக்கலை. ஆவியா போனதை பயாப்சிக்கு எப்படி அனுப்பறது? துருவினாலும் நெம்பினாலும் கையில திசு இருக்கும், லேபுக்கு போகும். வெறும் வீக்கம்னு எடுத்து அனுப்பினதுல கொஞ்ச பேருக்கு கேன்சர் வந்து நின்னிருக்கு, எனக்கே அனுபவம் இருக்கு.

ரத்தம் வராதாங்கற கேள்வி. வரும். கம்மியா வரும். 'ரத்தமே இல்லாத லேசர்'ங்கறது நோட்டீஸ் அடிக்கறவங்க பாசை. லேசர் வெட்டிக்கிட்டே போறப்ப சின்ன ரத்தக்குழாயை மூடிக்கிட்டே போகும், அதனால உங்க மாதிரி ரத்தம் இளக்கற மாத்திரை சாப்புடறவங்களுக்கு லேசர் நெசமாவே நல்ல சாய்ஸ், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அந்த மாத்திரைகளை நீங்களா நிறுத்தக்கூடாது, கெஞ்சி கேட்டுக்கறேன். ஆபரேசன்னு சொன்னதும் ஒரு வாரம் முன்னாடியே எல்லாத்தையும் விட்டுட்டு பெருமையா வந்து நிப்பாங்க சில பேரு. ஸ்டென்ட் அடைச்சா ப்ராஸ்டேட்டை எடுத்து என்ன பண்றது. ஸ்டென்ட் வெச்சு வருஷக்கணக்கு ஆயிட்டதால பெரும்பாலும் க்ளோபிடோக்ரெலை அஞ்சு நாள் முன்னாடி நிறுத்திட்டு ஆஸ்பிரினை விடாம ஓட்டுவோம், ஆனா அதை உங்க ஹார்ட் டாக்டர் எழுதிக் குடுக்கணும், வாய்ல சொன்னா பத்தாது.

அப்பறம் நான் பண்ணின ஒரு தப்பை சொல்லிடறேன், உங்களுக்கு சுகர் இருக்கறதால. நான் லேசர் கத்துக்கிட்டு வந்த புதுசு, வேற ஒரு ஊர்ல, கை அரிக்கும் இல்லீங்களா புதுசா கத்துக்கிட்டவனுக்கு. சுகர்காரர் ஒருத்தரு, ப்ராஸ்டேட் பெருசு, யூரின் தேங்கி நிக்குது, அடைப்புதான் காரணம்னு முடிவு பண்ணி அழகா முழுசா நெம்பி எடுத்தேன், வழி ஹைவே மாதிரி திறந்து கிடந்துச்சு, எனக்கே என்னை பாத்து பெருமை. டியூப் எடுத்தா ஒரு சொட்டு வரலை. திரும்ப போட்டு, திரும்ப எடுத்து, ஒரு மாசம் அலைஞ்சாரு. சுகர் பல வருஷம் இருந்து பையோட நரம்பும் தசையும் செத்திருந்திருக்கு, பம்ப்பு ஓடலைன்னா பைப்பை பெருசாக்கி என்ன பிரயோசனம்? பை எவ்வளவு அழுத்தி தள்ளுதுன்னு பாக்கற யூரோடைனமிக்ஸ்னு ஒரு டெஸ்ட் பண்ணியிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும், அவர்கிட்டயும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அன்னைலருந்து பத்து வருஷ சுகர்னு யாராச்சும் சொன்னா என் கை தானா அந்த டெஸ்ட்டை எழுதிரும். உங்களுக்கும் டியூப் போட்டு பை கொஞ்சம் ரெஸ்ட் எடுத்ததுக்கப்பறம் அதை பாக்கச் சொல்லுங்க. ஆபரேசன் வேண்டாங்கறதுக்கு இல்ல, முடிஞ்சப்பறம் என்ன எதிர்பாக்கலாம்னு தெரிஞ்சிக்கறதுக்கு.

'அந்த விஷயம்'. வெக்கப்படாம கேட்டதுக்கு நன்றி, நூத்துக்கு தொண்ணூறு பேரு கேக்காம போயிட்டு அப்பறம் ஆறு மாசம் கழிச்சு வந்து கோச்சிக்குவாங்க. விறைப்புக்கான நரம்பு ப்ராஸ்டேட் ஓட்டுக்கு வெளிய ஓடுது, நாங்க வேலை செய்யறது ஓட்டுக்கு உள்ள, அதனால பெரும்பாலும் முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். மாறப்போறது ஒண்ணு, விந்து வெளிய வராது. முக்கால்வாசி பேருக்கு அது பின்னாடி மூத்திரப்பைக்குள்ள போயி அடுத்த தடவை ஒண்ணுக்கோட சேந்து வெளிய வந்துரும். உடம்புக்கு கெடுதல் இல்ல, சுகமும் பெரும்பாலும் குறையாது, ஆனா இதை முன்னாடியே தெரிஞ்சிக்கணும், வீட்ல அம்மாவுக்கும் தெரியணும். இது லேசர்லயும் வரும் கரண்ட்லயும் வரும். லேசர்னா வராதுன்னு யாராச்சும் சொன்னா அங்கருந்து எந்திரிச்சு வந்துருங்க.

நெம்பி எடுத்ததுக்கப்பறம் கொஞ்ச நாள் இருமினா தும்மினா, உக்காந்து எந்திரிச்சா சொட்டு போகும். இத்தனை வருஷம் அடைப்பே கதவா இருந்துச்சு, இப்ப உங்க சொந்த தசை வேலை செய்ய பழகணும். பஸ்ல போறப்ப அவசரம் வந்தா இறுக்கி பிடிப்போமே, அந்த தசையத்தான் தினமும் பத்து பத்து தடவையா இறுக்கி விடணும், ஆபரேசனுக்கு முன்னாடியே ஆரம்பிச்சா நல்லது. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுல இருந்து மூணு மாசத்துல சரியாயிரும். சரியாகாம அப்படியே நிலைச்சிடறது நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு. எரிச்சல் சில வாரம் இருக்கும். பின்னாடி வழி சுருங்கறதும் சில பேருக்கு உண்டு, அப்ப திரும்ப ஒரு சின்ன வேலை பண்ண வேண்டி வரும்.

உங்க பக்கத்து எஸ்டேட்காரர் மறுநாளே மலையேறினது அவரு அதிர்ஷ்டம், நீங்க அப்படி பண்ணாதீங்க. சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல மக வீடு இருக்கறதா எழுதியிருக்கீங்க, டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரமாச்சும் அங்க இருங்க. டியூப் பொதுவா ஓரிரு நாள்ல எடுத்துருவோம், ஆனா பத்து பன்னெண்டாவது நாள்ல உள்ள இருக்கற பொருக்கு உதிர்றப்ப திரும்ப ரத்தம் தெரியலாம். ரோஸ்மில்க் கலர்ல வந்தா தண்ணி குடிச்சிட்டு சும்மா இருங்க, கட்டி கட்டியா வந்து அடைச்சா உடனே ஆஸ்பத்திரி, அதுக்கு நீங்க அடிவாரத்துல இருக்கணும், பதினெட்டாவது வளைவுல இல்ல. ஒரு மாசத்துக்கு ஸ்கூட்டர் வேண்டாம், காப்பி மூட்டைய தூக்கி நகத்தி வெக்கற பழக்கம் போகாது உங்களுக்கு, அதுவும் வேண்டாம், மலச்சிக்கல் வராம பாத்துக்கோங்க, முக்கினா ரத்தம் வரும். காப்பிய நிறுத்துங்கன்னு எஸ்டேட்காரர்கிட்ட சொல்ற தைரியம் எனக்கில்ல, சாயங்காலத்துக்கு மேல வேண்டாம்னு மட்டும் சொல்றேன்.

செலவுக்கு ஒரு நம்பர் சொன்னா அதை பிடிச்சிக்கிட்டு எல்லா ஆஸ்பத்திரியிலயும் சண்டை போடுவீங்க, அதனால சொல்லலை. பேக்கேஜ்னு சொன்னா அதுல லேசர் ஃபைபர் சார்ஜ், மார்சலேட்டர் சார்ஜ், பயாப்சி, மயக்க டாக்டர் ஃபீஸ் எல்லாம் அடக்கமான்னு எழுதி வாங்குங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு பாருங்க, எது கவர் ஆகும்னு ஆஸ்பத்திரியில இருக்கற காப்பீட்டு கவுண்டர்ல கேட்டா சொல்லிருவாங்க. அதைவிட முக்கியமா டாக்டர்கிட்ட 'இதுவரைக்கும் எத்தனை ஹோலெப் பண்ணியிருக்கீங்க'ன்னு கேளுங்க. கோச்சிக்கிட்டாருன்னா பரவால்ல. நெம்பி எடுக்கற கை படியறதுக்கே முப்பது அம்பது கேஸ் ஆகும், எனக்கும் ஆச்சு. நல்லா கை வந்த டாக்டர் பண்ற டர்ப்பு, கை வராதவரு பண்ற லேசரை விட ஆயிரம் மடங்கு மேல். 80 கிராமுக்கு கீழன்னா டர்ப்பே தாராளமா போதும், உப்பு தண்ணியில பண்ற பைபோலார் டர்ப்பு வந்ததுக்கப்பறம் சோடியம் இறங்கற பழைய பயமும் போயிருச்சு. உங்களுது 74ல நின்னிருந்தா ரெண்டும் ஆகும், ரத்த மாத்திரைய வெச்சு பாத்தா என் ஓட்டு ஹோலெப்புக்கு. வளந்து நூறு தாண்டியிருந்தா யோசிக்கவே வேண்டாம்.

கண் புரை காத்திருக்கட்டும், கிட்னி காத்திருக்காது. கண்ணுக்கு போறப்ப டாம்சுலோசின் சாப்புடறேன்னு, இல்ல சாப்ட்டுட்டு இருந்தேன்னு, கண்டிப்பா கண் டாக்டர்கிட்ட சொல்லுங்க. அந்த மாத்திரை கண்ணோட கருவிழிப்படலத்தை தொளதொளன்னு ஆக்கிரும், நிறுத்தி மாசக்கணக்கு ஆனாலும் இருக்கும், முன்கூட்டி தெரிஞ்சா அவங்க அதுக்கு தகுந்த மாதிரி பண்ணிக்குவாங்க.

கடைசியா வீட்டம்மா. அவங்களுக்கு தெரியாதுன்னு நினைச்சிட்டு இருக்கீங்க. நாப்பது வருஷமா ஒரே வீட்ல இருக்கறவங்களுக்கு ரெண்டு மாசமா பெட்ஷீட்டு தானா கொடியில காயறது தெரியாமயா இருக்கும், நீங்களா சொல்லட்டும்னு இருக்காங்களோ என்னமோ. இன்னைக்கு ராத்திரி சொல்லிருங்க, டெஸ்ட்டுக்கு வர்றப்ப கூட்டிட்டு வாங்க, நைட்டு எத்தனை தடவை எந்திரிக்கிறீங்கன்னு உங்களை விட அவங்க சரியா சொல்லுவாங்க. பழைய ஸ்கேன், பிஎஸ்ஏ ரிப்போர்ட், ஸ்டென்ட் கார்டு, சாப்புடற எல்லா மாத்திரை அட்டையும், அந்த கஷாய பொடி டப்பாவும் ஒரே பையில போட்டுக்கோங்க. இந்த ஸ்கேனுக்கு வெறும் வயிறு தேவையில்ல, நாலு இட்லி சாப்ட்டுட்டு சுகர் மாத்திரைய போட்டுக்கிட்டு காலையில மொத பஸ்ஸுக்கே இறங்கிருங்க.